தவத்தின் வயலுக்கு ஏன் தண்ணீர் போகவில்லை

கதிரை கை மாறுகிறது. இனி அதில் நீங்கள் இருப்பீர்கள். மாடிப்படி ஏறியதும் வலப்பக்க அறை. யன்னலுக்கு வெளியே கண்டி வீதி, வீதிக்கு அப்பால் ஒரு வேம்பு, வேம்புக்கு அப்பால் மழை வருகிற திசை. உங்களுக்கு முன்னால் ஒருவர் கைத்தொலைபேசியோடு இருப்பார். நாங்கள் செய்துகொண்டிருக்கும் விளையாட்டை அவர் விளையாடிப் பார்ப்பார். நீங்கள் அவருடைய தோளுக்குப் பின்னால் இருந்து அவரைப் பார்ப்பீர்கள். எங்கே சிரித்தார், எங்கே சலித்தார், எந்த இடத்தில் விரல் தயங்கியது என்று குறித்து வைப்பதுதான் வேலை. மனிதர்களைப் பின்னாலிருந்து பார்த்துச் சம்பளம் வாங்கியவள் நான். பிடரிகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கலாம். சோம்பலில் விட்டுவிட்டேன்.

கணினி சம்பந்தப்பட்டதையெல்லாம் தாரணி சொல்லித் தருவாள். எனக்கு அது இன்றுவரை ஏறவில்லை. நான் சொல்ல வருவது, முதல் கிழமையிலேயே உங்களைத் திகைக்க வைக்கப்போகிற ஒரு சங்கதி. நல்ல மனிதர்கள் வருவார்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "உள்ளுக்கு வரலாமோ பிள்ளை?" என்று கேட்டுவிட்டு வருவார்கள். எறும்பு வரிசையைத் தாண்டி நடக்கிறவர்கள். அவர்கள் கையில் நம்முடைய சின்னாக்களைக் கொடுத்துப் பாருங்கள். அரை மணித்தியாலத்தில் ஒரு கொடுங்கோலன் பிறந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பான்.

சின்னாக்கள் யார் என்று சொல்லவேண்டும். நம் விளையாட்டில் ஒரு குளமும் ஒரு காடும் வெறும் நிலமும் இருக்கின்றன. விளையாடுகிறவர் காடு வெட்டி, வாய்க்கால் கீறி, ஆக்களைக் கொண்டுவந்து குடியேற்றி ஓர் ஊரை உண்டாக்க வேண்டும். அப்படிக் குடியேறுகிற, நகத்தளவு உயரமான மனிதர்களைச் 'சின்ன ஆக்கள்' என்றுதான் முதலில் சொன்னோம். வாயின் அவசரத்தில் சின்னாக்கள் என்றாகிவிட்டது. அவர்கள் விதைப்பார்கள், சமைப்பார்கள், சைக்கிளில் போவார்கள், தங்களுக்குள்ளே கலியாணமும் கட்டுவார்கள். அவர்களை நடக்கவும் இருக்கவும் வைத்தவள் தாரணி. அவர்களுடைய பேச்சை எழுதியவள் நான். கவிதை எழுதுகிறவள் என்று கேள்விப்பட்டுத்தான் கூப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் சின்னாக்களுக்கு நான் எழுதிக் கொடுத்தது பெரும்பாலும் "நன்றி", "மகிழ்ச்சி", "இன்று நல்ல நாள்". அதோடு ஒரு சிரிப்பு. எது நடந்தாலும் அந்தச் சிரிப்பு.

அவர்களை ஆக்கள் என்னென்ன செய்தார்கள் என்று கேளுங்கள்.

தபால் கந்தோரில் வேலை செய்கிற ஒருவர், வார்த்தைக்கு வார்த்தை "தயவுசெய்து" போடுகிற மனிதர், ஒரு சின்னாளுக்குக் கதவில்லாத வீடு கட்டி அவனை உள்ளே வைத்துவிட்டார். ஏன் என்று பிறகு கேட்டேன்.

"இவன் எப்ப பாத்தாலும் சிரிக்கிறான் தங்கச்சி. என்னத்துக்குச் சிரிக்கிறான் எண்டு எனக்குத் தெரியவேணும்."

முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த ஓர் இளைஞன், கடற்றொழில் செய்கிறவன். சின்னாக்களை வள்ளத்தில் ஏற்றிக் குளத்தின் நடுவில் விட்டுவிட்டு, துடுப்பைப் பிடுங்கிக்கொண்டான். கழுத்தில் அந்தோனியார் படம். முகத்தில் குழந்தைச் சந்தோஷம்.

பூவரசங்குளத்திலிருந்து வந்த ஒரு தாய், மூன்று பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு பஸ்ஸில் வந்தவள், ஊர் முழுவதையும் ஒரு மதிலுக்குள் அடைத்தாள். கடைசிக் கல்லை வைத்ததும் "அப்பாடா" என்று கதிரையில் சாய்ந்தாள். "வைச்ச இடத்திலை இருக்கிற மனிசரை இண்டைக்குத்தான் கண்டனான் அக்கா," என்றாள். அந்தப் பெருமூச்சை எழுதிவைக்க எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

ஆகவே ஒரே காரணத்தைத் தேடாதீர்கள். ஒருவருக்கு ஓய்வு வேண்டும். ஒருவருக்கு எல்லை எங்கே முடிகிறது என்று பார்க்கவேண்டும். ஒருவருக்கு வீட்டில், கந்தோரில், வங்கி வரிசையில் நாள் முழுக்கத் தன்னை நகர்த்திய கைகளுக்குப் பதிலாக ஒரு கை வேண்டும். ஆனால் எல்லாப் பிடரிகளுக்கும் பொதுவாக ஒன்றைக் கண்டேன். கொடுமை செய்துவிட்டு ஒவ்வொருவரும் திரையை நோக்கிக் கொஞ்சம் குனிவார்கள். பூட்டின வீட்டில் ஆள் இருக்கிறதா என்று கதவைத் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பவரைப்போல. உள்ளேயிருந்து நான் எழுதிய "இன்று நல்ல நாள்" வரும். உடனே இன்னும் பலமாகத் தட்டுவார்கள். பலமாகத் தட்டுவதென்றால், குளத்து வெள்ளத்தை வெளியே விடுகிற வான் கதவு அத்தனையையும் திறந்துவிட்டு ஊரை மூழ்கடிப்பது.

எனக்கு முன் இந்தக் கதிரையில் இருந்தவர் ஒரேயொரு விதியைத்தான் விட்டுப்போனார். "விளையாடுறவரோடை கதையாதேங்கோ. ஒரு சொல்லு சொன்னீங்களோ, அதுக்குப் பிறகு அவர் உங்களுக்காகத்தான் விளையாடுவார்." அதைக் காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்குத்தான் இந்தக் கதை.

விளையாட்டை வாங்கி வெளியிடக் கொழும்பிலிருந்து ஒரு கம்பனி விரும்பியது. அவர்களிடம் நாங்கள் அனுப்பிய ஒளிப்பதிவுகளில் வள்ளமும் மதிலும் கதவில்லாத வீடும் எல்லாம் இருந்தன. பார்த்தவர் ஒரு சொல் சொல்லி அனுப்பினார்: சின்னாக்களுக்குத் தீங்கு செய்கிற வழிகள் அத்தனையையும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் எங்களுக்கு வேண்டாம்.

எங்கள் முதலாளி சுதன் தலையைச் சொறிந்தான். அவனுக்கும் வேறு வழி இல்லை. வாங்க வேறு ஆள் இல்லை, வாங்காவிட்டால் அலுவலகம் பூட்டு. தாரணி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்குக் கொழும்பில் வேலை காத்திருந்தது. போக விருப்பமில்லாமல் இங்கே இருந்தவள். தன் சின்னாக்கள் உலகத்தைப் பார்க்கவேண்டும், அதைக் கிளிநொச்சியில் இருந்தபடியே தான் பார்க்கவேண்டும் என்ற ஒரு பிடிவாதம்.

"பசிக்காது, நனையாது, சாகாது எண்டால் அதுகள் ஆக்களே? சுவரிலை ஒட்டின ஸ்டிக்கர்," என்றாள்.

"ஸ்டிக்கரோ என்னவோ, அவர் வாங்குவார்," என்றான் சுதன்.

"வாங்கினாப் பிறகு அதைப் பாத்துக்கொண்டு நான் இஞ்சை இருக்கமாட்டன். கொழும்புக்குப் போறன்."

ஆக, தீங்கை எடுத்தாலும் தாரணி போவாள், எடுக்காமல் விட்டால் அலுவலகம் பூட்டி, அப்போதும் போவாள். வான் கதவு இருக்கவேண்டும், ஆனால் ஆக்கள் அதைத் திறக்கக்கூடாது. இப்படி ஒரு முடிச்சு. எனக்கு ஒரு யோசனை வந்தது. முறை வைத்துக் கூப்பிடச் செய்வோம் என்றேன்.

நம்மிடையே பெயர் சொல்லி யார் கூப்பிடுகிறார்கள்? பஸ்ஸில் இடம் கேட்கும்போதும் அண்ணை, சந்தையில் கத்தரிக்காய் நிறுக்கும்போதும் அக்கா. விளையாட்டுத் தொடங்கும்போதே வயதைக் கேட்டுவிடலாம். அதன் பிறகு ஒவ்வொரு சின்னாளும் தன் வயதுக்கு ஏற்றபடி மாமி, சித்தப்பா, அண்ணை, தங்கச்சி என்று கூப்பிடட்டும். தாரணி அதைக் கேட்டதும் கையைத் தட்டினாள். நான் "இன்று நல்ல நாள்" அத்தனையையும் அழித்துவிட்டு ஊர்ப்பேச்சில் எழுத உட்கார்ந்தேன். அப்படிச் சந்தோஷமாக எழுதி எவ்வளவு காலமாயிற்று! நகத்தளவு வாய்களில் எங்கள் சந்தைகளையும் பஸ்களையும் கிணற்றடிகளையும் ஊற்றினேன்.

பலன் உடனே தெரிந்தது. கடற்றொழில் இளைஞன் வழக்கம்போல் துடுப்பைப் பிடுங்கினான். நடுக்குளத்திலிருந்து ஒரு குரல்: "அண்ணை, இருட்டுது." அவன் விரல் அந்தரத்தில் நின்றது. "சனியன், அண்ணை எண்டுட்டான்," என்று முணுமுணுத்துக்கொண்டே வள்ளத்தைக் கரைக்குக் கொண்டுவந்தான். தபால் கந்தோர்க்காரர், "மாமா, கதவு எங்கை?" என்ற கேள்விக்குப் பணிந்து கதவு வைத்தார். வெளிப்பக்கம் பூட்டும் வைத்தார், அது வேறு விஷயம். பூவரசங்குளத்துத் தாய் மட்டும், நாலு பக்கத்திலிருந்தும் "அக்கா, அக்கா" என்று கேட்டதும், "வீட்டிலையும் இதுதான், இஞ்சையுமோ?" என்று மதிலை இன்னும் ஒரு வரி உயர்த்திவிட்டுப் போனாள். ஆனால் வான் கதவை ஒருவரும் திறக்கவில்லை. மூழ்கிய ஊர் ஒன்றுகூட இல்லை.

சுதன் கொழும்புக்குச் செய்தி அனுப்பினான்: ஒன்றையும் எடுக்கத் தேவையில்லை, நேரில் வந்து பாருங்கள்.

அன்றைக்கு யாரை விளையாட வைப்பது என்பதில் வாதமே இல்லை. மகேஸ் அக்காதான். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற குடும்பம். தகப்பன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி பெற்றுக் குடியேறியவர்கள். மகளைக் கீழ்த்தளத்து ரியூசன் வகுப்பில் விட்டுவிட்டு வெயிலில் நிற்கப் பிடிக்காமல் ஒருநாள் மேலே ஏறி வந்தவா, பிறகு எங்களுடைய நிரந்தர விளையாட்டுக்காரி ஆகிவிட்டா. "அவாவின்ரை ஊரிலை ஒரு கோழிகூடச் செத்ததில்லை," என்று சுதன் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வான். திரையில் அவாவுக்கென்று ஓர் உருவமும் ஒரு வீடும் இருந்தன. அந்த வீட்டு வேலியின் படலைக் கதவுக்கு முன்னால் பூங்கன்றுகூட நட்டு வைத்திருந்தா.

கொழும்பிலிருந்து வந்தவர் மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார். ஒவ்வொரு சொல்லையும் துடைத்து வைத்ததுபோல் பேசினார். என் பக்கத்தில் இருந்தார். சுதன் வாசலில் நின்றான். தாரணி மூலையில் மடிக்கணினியோடு. மகேஸ் அக்காவின் கையில் நடப்பது சுவரிலிருந்த பெரிய திரையிலும் தெரிந்தது.

எல்லாம் வடிவாகப் போனது. "மாமி, நெல்லு விதைச்சிட்டம்." "மாமி, பள்ளிக்கூடத்து ஓடு ஒழுகுது." அக்கா ஓட்டை மாற்றினா, வாய்க்காலைத் துப்புரவாக்கினா. கொழும்பிலிருந்து வந்தவர் தலையை மெதுவாக ஆட்டினார். தாரணியின் தோள்கள் இறங்கின.

அப்போது திரையின் உச்சியில் ஒரு மணி ஒலித்து, ஓர் அறிவித்தல் வந்தது. "தவத்துக்கும் வனிதாவுக்கும் நாளை திருமணம். அனைவரும் வருக!"

தவம் என்பவன் அக்கா முதன்முதலாகக் குடியேற்றிய சின்னாள். அந்த அறிவித்தலை எழுதியது நான்தான். யோசிக்காமல் எழுதியது.

மகேஸ் அக்கா அதை வாசித்தா. திரும்ப வாசித்தா. பிடரியைப் பார்க்கிற வேலை எனக்கு. அது விறைத்ததைக் கண்டேன். அவாவின் விரல் வாய்க்கால் வழியே போய், தவத்தின் வயலுக்குத் தண்ணீர் பிரிகிற மடையில் நின்றது. அமத்தினா. மடை மூடியது.

பயிர் வெளுத்தது. பிறகு மஞ்சளாகியது. தவம் வரம்பில் வந்து நின்று தலையைச் சொறிந்தான். "மாமி, தண்ணி வரேல்லை."

"வராது," என்றா மகேஸ் அக்கா, தனக்குத்தானே.

கொழும்பிலிருந்து வந்தவர் பேனையை எடுத்தார். சுதன் என் காதடியில் குனிந்தான். "அக்கா, போன் சார்ஜ் இறங்கிட்டுது எண்டு சொல்லி நிப்பாட்டுங்கோ. கும்பிட்டன்."

நிறுத்தியிருக்கலாம். ஒரு சின்னப் பொய், ஒரு சோடா, நாளைக்குப் பார்ப்போம் என்ற சிரிப்பு. எல்லோரும் செய்வதுதான். தாரணி மூலையிலிருந்து என்னைப் பார்த்தாள். நிறுத்து என்றும் அந்தப் பார்வை சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை. திரையில் தவத்தின் தலைக்கு மேல் பசிக் குறி எழும்பியது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். இதுவரை நான் பார்த்த கொடுமைகளில் கோபம் இருந்ததில்லை. இதில் இருந்தது. கோபம் வெறுமையான வீட்டின்மேல் வராது. உள்ளே ஆள் இருக்கிறது என்று நம்பினால்தான் வரும். அந்த நம்பிக்கை எங்கே போய் முடிகிறது என்று பார்க்காமல் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அது துணிச்சலா, ஆவலா என்று இன்றுவரை பிரித்துப் பார்க்கவில்லை.

விதியை உடைத்தது கொழும்பிலிருந்து வந்தவர்.

"அம்மா, அந்த ஆள் பாவமில்லையா?"

மகேஸ் அக்கா கதிரையோடு திரும்பினா.

"ஆர் பாவம்? இவனோ? காட்டுக்குள்ளையிருந்து கூட்டியந்து காணி குடுத்தனான். கிணறு வெட்டிக் குடுத்தனான். காய்ச்சல் எண்டு படுக்க ஆசுப்பத்திரி கட்டினனான். விடிஞ்சால் மாமி, பொழுதுபட்டால் மாமி. இப்ப கலியாணமாம். 'அனைவரும் வருக'வாம்! நான் அனைவரோ? ரெண்டு பேருமா வந்து, படலையைத் திறந்து, மாமி கட்டாயம் வரவேணும் எண்டு ஒரு சொல்லுச் சொல்ல இவருக்குக் கால் முறிஞ்சு போச்சோ?"



சுதன், தாரணி, நான் மூன்று பேரும் இந்த மண்ணில் வளர்ந்தவர்கள். யாருடைய கலியாணம் என்றாலும் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்துகொண்டு, கார்ட் நிறைந்த பையை மடியில் வைத்துக்கொண்டு, வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள். யார் வீட்டுக்கு முதலில் போவது, யாருக்குத் தாய் தகப்பனே நேரில் போய்ச் சொல்லவேண்டும், படலையில் நின்று சொன்னால் போதுமா, உள்ளே போய் இருக்கவேண்டுமா என்பதெல்லாம் எங்கள் உடம்புக்கே தெரியும். அப்படிப்பட்ட நாங்கள் சின்னாக்களுக்கு உறவை மட்டும் கொடுத்துவிட்டு, உறவின் நடைமுறையைக் கொடுக்க மறந்தோம். வெளிநாட்டில் செய்திருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது. அங்கே யாரும் மாமி ஆகியிருக்கமாட்டார்கள்.

கொழும்பிலிருந்து வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பேசியபோது அவருடைய துடைத்த தமிழைக் காணவில்லை.

"எங்கடை தங்கச்சியின்ரை கலியாணத்துக்கு வவுனியாவிலை இருக்கிற பெரியப்பாவுக்குப் போனிலைதான் சொன்னனாங்கள். நேரமில்லாமல் போச்சு. மனிசன் இண்டுவரைக்கும் எங்களோடை கதைக்கிறேல்லை."

"கதைப்பாரோ?" என்றா மகேஸ் அக்கா, அந்தப் பெரியப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப்போல.

"சரி, இவர் இப்ப வந்து சொன்னால் தண்ணி விடுவீங்களோ?" என்றார் அவர்.

"வரட்டும், பாப்பம்." கையைக் கட்டிக்கொண்டா.

தாரணி மடிக்கணினியை இழுத்தாள். அங்கிருந்து எந்தச் சின்னாளையும் அவளால் கையால் நடத்த முடியும். காய்ந்த வயலிலிருந்து தவம் கிளம்பினான். வனிதாவின் வீட்டடியில் நின்றான். இரண்டு பேருமாக ஒழுங்கையால் நடந்தார்கள். பெரிய திரையில் இரண்டு நகத்தளவு மனிதர்கள், அவசரமில்லாமல்.

வந்து நின்று என்ன சொல்வது? அதை நான் எழுதவேண்டும். என் முன்னால் ஒரு வெற்றுப் பெட்டி, உள்ளே துடிக்கும் ஒரு கோடு. கவிதைக்காரியின் கை முதலில் எழுதியதை உங்களுக்குச் சொல்லமாட்டேன். அதில் 'வாழ்வின் வாசல்' என்றெல்லாம் இருந்தது. அழித்தேன். "மன்னியுங்கோ மாமி" என்று எழுதினேன். இந்த ஊரில் இப்படியான விஷயத்துக்கு யார் மன்னிப்புக் கேட்டார்கள்? கேட்டால் அது இரண்டாவது குற்றம். அதையும் அழித்தேன்.

"அக்கா, கெதியா," தாரணி பல்லைக் கடித்தாள். "படலைக்கு வந்திட்டினம்."

படலை. வெயிலில் நிற்கிற இரண்டு பேர். ஒருவர் படலைக் கொழுவியைத் தட்டுகிறார். உள்ளே சட்டி பானைச் சத்தம். அந்த இடத்தில், வீட்டில் ஆள் இருக்கிறதா என்று அறிய, எல்லோரும் என்ன கேட்போமோ அதை எழுதினேன்.

"மாமி, நிக்கிறியளோ?"

"நிக்கிறன், வாங்கோ!"

வாய்விட்டுச் சொன்னா மகேஸ் அக்கா. தொலைபேசியைப் பார்த்து. சொல்லிவிட்டுத்தான் எங்களை நினைத்தா. கன்னம் சிவந்தது. ஆனால் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது, வெட்கப்பட நேரமில்லை. விரல் திரையெங்கும் ஓடித் தேடியது.

"பிள்ளை தாரணி, தேத்தண்ணி குடுக்க எதை அமத்திறது?"

தாரணி என்னைப் பார்த்தாள். நான் தாரணியைப் பார்த்தேன். மடையை மூட, வீட்டை இடிக்க, மரத்தை முறிக்க, துடுப்பைப் பிடுங்க, வான் கதவைத் திறக்க எல்லாவற்றுக்கும் நம்மிடம் ஒவ்வொரு வழி இருந்தது.

"அது இன்னும் வைக்கேல்லை அன்ரி."

"வீடு தேடி வந்த ஆக்களைச் சும்மாவே அனுப்பிறது? என்ன ஊர் கட்டி வைச்சிருக்கிறியள்!"

சின்னாக்களைக் கொடுமை செய்வதாக எங்களை ஒருவர் ஏசியது அன்றுதான். ஏசினது நியாயம். இதை உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: விளையாடுகிறவரின் மனத்தில் என்ன விஷம் இருக்கிறதென்று ஆராய்வதற்கு முன்னால், அவர் கைக்கு எதையெல்லாம் கொடுத்திருக்கிறோம், எதைக் கொடுக்கவில்லை என்று ஒருதரம் பாருங்கள். பாதிக் கேள்விகள் அங்கேயே கரைந்துவிடும். மற்றப் பாதி கரையாது. அதுவும் தெரிந்திருக்கட்டும்.

அக்கா மடையைத் திறந்தா. முழுக்க இல்லை, பாதி.

"முழுக்கத் திறக்க ஏலாதோ?" என்றார் கொழும்பிலிருந்து வந்தவர்.

"உடனை முழுக்கத் திறந்தால் எனக்கென்ன மதிப்பு?"

"கலியாணத்துக்குப் போவீங்களோ?"

"பாப்பம். எனக்கும் வேலை இருக்கு." கைப்பையை எடுத்துக்கொண்டு, மகளைக் கூப்பிடக் கீழே இறங்கிவிட்டா.

கொழும்பிலிருந்து வந்தவர் காலையில் முடிவு சொல்கிறேன் என்றுவிட்டு விடுதிக்குப் போனார். "மடையை மூடினதைத்தான் எழுதிக்கொண்டு போறார்," என்றான் சுதன். தாரணி கணினிக் கம்பியைச் சுற்றி எடுத்து வைத்தாள். ஊரைவிட்டுப் போகிறவர்கள் சாமான் அடுக்குவதுபோல் இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. அவர் நேரத்துக்கே வந்தார். பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"எனக்குப் பிடிச்சிருக்கு. உண்மையாச் சொல்லுறன்," என்று தொடங்கினார். அப்படித் தொடங்கினால் பின்னால் என்ன வரும் என்று உங்களுக்கும் தெரியும். "ஆனால் எங்கடை மேலிடம் கேக்கிறது ஒண்டுதான். தண்ணியை நிப்பாட்டுறதை எடுத்துவிடுங்கோ. பசியை எடுத்துவிடுங்கோ. மற்றதெல்லாம் அப்பிடியே இருக்கட்டும்."

"தண்ணியை நிப்பாட்ட ஏலாதெண்டால், தவம் ஏன் படலைக்கு வரவேணும்?" என்றாள் தாரணி. சத்தம் போடவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்பதுபோல் கேட்டாள்.

அவரிடம் பதில் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். வாயைத் திறந்தார். அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

மகேஸ் அக்கா. மாம்பழ மஞ்சளில் பட்டுச் சேலை. தலையில் மல்லிகைச் சரம். கையில் வழக்கமான சீலைப் பை.

"வங்கிக்குப் போற வழியிலை ஒருக்கா ஏறிப் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனான்," என்றா.

சனிக்கிழமை வங்கி பூட்டு.

தொலைபேசியை வாங்கிக்கொண்டு இருந்தா. திரையில் பந்தல் எழும்பியிருந்தது. மேளம் கேட்டது. அக்காவின் உருவம் தன் படலையைத் திறந்து, ஒழுங்கையால் நடந்து, போகிற வழியில் மடையடியில் நின்றது. மீதிப் பாதியையும் திறந்துவிட்டு, பந்தலுக்குள் போய், வாழ்த்துச் சொல்லி, மணமக்களுக்குப் பக்கத்தில் நின்றது. தவம் திரும்பி, "மாமி, சாப்பிட வாங்கோ," என்றான். வாழையிலைகள் விரிந்தன.

அக்காவின் உருவம் பந்தலைவிட்டு வெளியே வந்து, ஒழுங்கையால் நேரே வீட்டுக்குப் போய், படலையைச் சாத்திக்கொண்டது.

"சாப்பிடேல்லையோ அன்ரி?" என்றாள் தாரணி, பதறி.

"வந்தனான்தானே. வாழ்த்தினனான். தண்ணியும் விட்டனான். ஆனால் கை நனைக்கேல்லை." சேலை மடிப்பை நீவிக்கொண்டு எழுந்தா. "அது அவனுக்கு விளங்கும்."

செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

கொழும்பிலிருந்து வந்தவர் சுவர்த்திரையைப் பார்த்தபடி நின்றார். பந்தலில் தவம் இலைகளுக்கு நடுவே ஆக்களை உபசரித்துக்கொண்டிருந்தான். ஓர் இலையில் மட்டும் ஆள் இல்லை. அவனுக்கு அது தெரிந்த மாதிரி இல்லை.

"அவனுக்கு விளங்குமோ?" என்று கேட்டார்.

"இப்ப விளங்காது," என்றாள் தாரணி.

"விளங்கச் செய்யலாமோ?"

தாரணி கொஞ்சம் யோசித்தாள். "செய்யலாம். காலம் எடுக்கும்."

அவர் தோளிலிருந்த பையை இறக்கி நிலத்தில் வைத்தார்.

"எடுக்கட்டும்," என்றார். "சாப்பிடாமல் போனவாவின்ரை வீட்டுக்கு நாளைக்கு இவன் என்னத்தோடை போவான்? முதல் அதைச் சொல்லுங்கோ."